பெங்களூருக்கு ஏன் ஆறு இல்லை என்று கேட்கும் பிள்ளைக்கு

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் புரியட்டும். மகள் நான்காம் வகுப்பு. பள்ளியில் ‘ஆறுகளும் மனித வாழ்க்கையும்’ என்று ப்ராஜெக்ட் கொடுத்திருக்கிறார்கள். பாடத்தில் ‘நாகரிகங்கள் ஆற்றங்கரையில்தான் தோன்றின’ என்று இருக்கிறது. அவள் உடனே, “அப்போ பெங்களூருக்கு மட்டும் ஏன் ஆறே இல்ல?” என்று கேட்டுவிட்டாள். டெல்லிக்கு யமுனை, மதுரைக்கு வைகை என்று படம் ஒட்டிக் கொடுத்தால் போதுமா, தெர்மாகோலில் மாடல் செய்யலாமா என்று நீங்கள் எங்களைக் கேட்கிறீர்கள். எனக்கென்னவோ உங்கள் சிக்கல் படமும் மாடலும் இல்லை என்று படுகிறது. புத்தகம் ஒன்று சொல்கிறது, ஜன்னலுக்கு வெளியே வேறொன்று தெரிகிறது. இரண்டுக்கும் நடுவில் பிள்ளை நிற்கும்போது என்ன சொல்வது என்பதுதான் நீங்கள் கேட்டது.

இந்த ஊரில் பல வருஷம் உயர்நிலைப் பள்ளியில் புவியியல் எடுத்தவன் நான். ஐந்தாம் வகுப்புக்குக் கீழே பாடம் எடுத்ததில்லை, அந்த வயதுப் பிள்ளைகளை வீட்டில்தான் பார்த்திருக்கிறேன். தொல்லியலும் என் துறை அல்ல. இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

முதல் வேலையாக, அவள் கேட்டது சரியான கேள்வி என்று அவளிடமே சொல்லிவிடுங்கள். புத்தகத்து வாக்கியம் பொய்யில்லை, ஆனால் அரைகுறை. சிந்து, நைல், யூப்ரடீஸ்-டைக்ரிஸ் என்று உலகின் ஆரம்பகாலப் பெருநகரங்கள் பலவும் ஆற்றுச் சமவெளிகளில்தான் எழுந்தன. இதில் யாருக்கும் சந்தேகமில்லை. காரணமும் தெளிவானது. வெள்ளம் வடியும்போது வண்டலை விட்டுப் போகும், வண்டலில் விளைச்சல் அதிகம், வீட்டுத் தேவைக்கு மேல் தானியம் மிஞ்சினால்தான் குயவரும் கொல்லரும் கணக்குப்பிள்ளையும் உழாமல் சாப்பிட முடியும். அந்தத் தானியத்தை ஊர்விட்டு ஊர் கொண்டுபோக, சாலை இல்லாத காலத்தில், படகைவிட மலிவான வழி கிடையாது. இவ்வளவும் நான்காம் வகுப்புக்குத் தாராளமாகச் சொல்லலாம். இதற்கு அடுத்த படியில்தான் ஜாக்கிரதை வேண்டும். வாய்க்கால் வெட்ட ஆள் திரட்ட வேண்டியிருந்தது, அதனால்தான் ராஜாக்கள் உருவானார்கள் என்று ஒரு வாதம் உண்டு; பல இடங்களில் அது பொருந்தவில்லை என்று மறுத்தவர்களும் உண்டு. சிந்துவெளி நகரங்கள் ஏன் கைவிடப்பட்டன என்பதற்கு மழை குறைந்தது, ஆறு தடம் மாறியது என்று பல காரணங்கள் சொல்லப்படுகின்றன. எது எவ்வளவு என்பதில் ஒருமித்த முடிவு இல்லை. நம் பக்கத்திலும் அப்படித்தான்: கீழடியின் காலம் எவ்வளவு பழையது என்று இன்னும் வாதம் நடக்கிறது, அது வைகைப் படுகையில் இருக்கிறது என்பதில் வாதமே இல்லை. ‘இது உறுதி, இது இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்’ என்று பிரித்துச் சொன்னால் குழந்தைகள் குழம்புவதில்லை. குழம்புவது பெரும்பாலும் நாம்தான்.

இனி பெங்களூர். இந்த ஊர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில், ஒரு மேட்டின் முதுகில் உட்கார்ந்திருக்கிறது. மேட்டுக்கு மேற்கே விழும் மழை விருஷபாவதி வழியாக அர்க்காவதிக்குப் போய், கனகபுரா தாண்டி சங்கமத்தில் காவேரியில் கலக்கிறது. கிழக்கே விழும் மழை பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளைத் தாண்டி தென்பெண்ணைக்குப் போகிறது. ராஜாஜிநகரில் விழுந்த துளி மேட்டூர், திருச்சி பார்த்துப் பூம்புகாரில் கடல் சேரலாம். தோம்லூரில் விழுந்த துளி ஓசூர், கிருஷ்ணகிரி, சாத்தனூர், திருக்கோவிலூர் வழியே கடலூருக்குப் போகலாம். ஒரே மேகம், ஒரே ஊர், இரண்டு ஆறு! இதை மேப்பில் விரலால் வரைந்து காட்டும்போது பிள்ளைகள் முகத்தைப் பார்க்க வேண்டும். ஆகவே ‘பெங்களூரில் ஆறு இல்லை’ என்பதைவிட ‘பெங்களூரில் ஆறுகள் ஆரம்பிக்கின்றன, பெரிதாவதற்குள் ஊரைவிட்டுப் போய்விடுகின்றன’ என்பது சரியான பதில். விருஷபாவதி பசவனகுடி நந்தி கோயிலடியில் பிறந்தது என்பது தலபுராணம். பிறந்த இடம் எதுவானாலும் மைசூர் ரோட்டில் அதைத் தினமும் தாண்டுகிறவர்கள் அதைச் சாக்கடை என்றே நினைக்கிறார்கள்.

மேட்டில் ஆறு பெருகாது என்றால் ஜனங்கள் தண்ணீருக்கு என்ன செய்தார்கள்? ஏரி வெட்டினார்கள். 1537-இல் கெம்பே கௌடர் கோட்டை கட்டியபோதும் அதற்கு முன்னும் பின்னும், சரிவில் மண்கரை போட்டு மழையைத் தேக்கி, ஒன்று நிரம்பி அடுத்ததற்கு வழியும்படி ஏரிகளைத் தொடுத்தார்கள். இணைக்கும் கால்வாய்தான் ராஜகாலுவை. நம் ஊர்க் கண்மாய், மடை, கலிங்கு எல்லாம் தெரிந்த தாத்தா பாட்டி வீட்டில் இருந்தால் இந்த இடத்தில் அவர்களைப் பேச விடுங்கள். உங்களைவிட நன்றாகச் சொல்வார்கள். மெஜஸ்டிக் பஸ் நிலையம் இருக்கும் இடம் தர்மாம்புதி ஏரி, கண்டீரவா ஸ்டேடியம் இருக்கும் இடம் சம்பங்கி ஏரி. சாப்பாட்டிலும் இதே கதைதான்: ஏரிக்குக் கீழே நனைந்த வயலில் நெல், மற்ற செம்மண் மேட்டிலெல்லாம் மழையை நம்பி ராகி. தஞ்சாவூர்க்காரர் சோறும் இந்த ஊர்க்காரர் முத்தையும் (களிதான்) தின்றது நாக்கு ருசியால் மட்டும் வந்ததல்ல.

இன்னொன்று சொல்கிறேன், இது பாடப்புத்தகத்தில் வராது. ஸ்ரீரங்கப்பட்டணம் காவேரி நடுவே இருக்கும் தீவு. கோட்டை கட்ட அதைவிட நல்ல இடம் கிடைக்காது. நாலு பக்கமும் ஆறே அகழி. 1799-இல் திப்பு விழுந்தபின் பிரிட்டிஷ் படை அங்கே தங்கியது, காய்ச்சல் தாங்க முடியவில்லை. 1809 வாக்கில் பெங்களூர் மேட்டுக்கு மாறி, கோட்டைக்கு வடகிழக்கே ஹலசூர் பக்கம் கன்டோன்மென்ட் போட்டார்கள். படையோடும் படைக்குச் சாமான் கொடுக்கவும் கட்டட வேலைக்கும் வந்தவர்களில் தமிழர்கள் ஏராளம். ஹலசூரிலும் சிவாஜிநகரிலும் இத்தனை தலைமுறையாகத் தமிழ் கேட்பதற்கு ஆற்றைவிட்டு ஓடி வந்த ஒரு படையும் ஒரு காரணம். ஆறு என்றால் ஊர் வரும் என்று மட்டும் சொல்லிக் கொடுத்த பிள்ளைக்கு இதையும் சொன்னால், ஆறு ஆளைத் துரத்தவும் செய்யும் என்று பிடிபடும். கொசு, வெள்ளம், கரை அரிப்பு, இவையும் ஆற்றங்கரை வாழ்க்கைதான்.

அடுத்து, வீட்டுக் குழாய். உங்கள் வீட்டுக்குக் காவேரி வருகிறதா, போர் தண்ணியா, டேங்கரா என்று அவளையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். சம்ப் எங்கே, மோட்டார் எங்கே, வாட்டர் பில் யார் பெயரில் என்று அலையட்டும். இந்த ஊர் முதலில் ஏரியைக் குடித்தது. 1890-களில் ஹெசரகட்டாவிலிருந்தும், 1933-இலிருந்து திப்பகொண்டனஹள்ளியிலிருந்தும் அர்க்காவதித் தண்ணீர் வந்தது. ஊர் பெருக அதுவும் போதாமல் 1974-இல் காவேரி முதல் கட்டம் வந்தது, 2024 அக்டோபரில் ஐந்தாம் கட்டம். வேடிக்கை என்னவென்றால் காவேரித் தண்ணீர் வருவதற்கு வெகு முன்பே காவேரி மின்சாரம் இங்கே வந்துவிட்டது: 1902-இல் சிவனசமுத்திர அருவியில் எடுத்த கரண்ட் முதலில் கோலார் தங்கவயலுக்குப் போனது, 1905-இல் பெங்களூர்த் தெருவிளக்குக்கு வந்தது.

அந்தக் காவேரித் தண்ணீர் மண்டியா மாவட்டத்துத் தொரேகாடனஹள்ளியிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் குழாயில் வருகிறது, அதிலும் ஏறக்குறைய 500 மீட்டர் மேலே ஏறி. மூன்று இடங்களில் நின்று நின்று பம்ப் அடிக்கிறார்கள். பெரிய பிள்ளையாக இருந்தால் கணக்குப் போடச் சொல்லலாம்: 1,000 லிட்டர் என்பது 1,000 கிலோ, அதை 500 மீட்டர் தூக்க, பம்ப்பில் துளி நஷ்டமும் இல்லை என்று வைத்தாலே 1.36 யூனிட் மின்சாரம் வேண்டும். நிஜ பம்ப்புக்கு இன்னும் கூடும். நான்காம் வகுப்புக்கு இந்தக் கணக்கு வேண்டாம். ஒரு வாளித் தண்ணீரை எடுத்துக்கொண்டு உங்கள் அபார்ட்மென்ட் படியில் இரண்டு மாடி ஏறச் சொல்லுங்கள், மூச்சு வாங்கும்போது, ‘மாடிக்கு மூணு மீட்டர்னு வச்சா, காவேரி நூற்று அறுபது மாடிக்கு மேல ஏறி வருது’ என்று சொல்லுங்கள். அதன் பிறகு யாரும் குழாயை மூடச் சொல்லி நினைவுபடுத்த வேண்டியதில்லை என்று சொல்ல ஆசைதான். பல் தேய்க்கும்போது மறந்துவிடுவார்கள், பிள்ளைகள்தானே.

மேலே சொன்ன மேடு வெறும் மேப் சமாசாரம் இல்லை என்பதற்கு ஒரு சாட்சி உண்டு. காவேரி நடுவர் மன்றம் 2007 இறுதித் தீர்ப்பில், பெங்களூரில் மூன்றில் ஒரு பங்குதான் காவேரிப் படுகைக்குள் வருகிறது என்று கணக்கிட்டு அந்தப் பங்குக்குத்தான் குடிநீர் ஒதுக்கியது. கிழக்குப் பக்கம் தென்பெண்ணைப் படுகை அல்லவா! 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், குடிநீர் என்று வரும்போது நகரத்தை அப்படிப் பிரிக்க முடியாது என்று ஊர் முழுவதற்கும் சேர்த்து 4.75 டிஎம்சி கூட்டிக் கொடுத்தது. மழைத்துளி எந்தப் பக்கம் உருளும் என்பதை வைத்து நீதிமன்றத்தில் வருஷக்கணக்கில் வாதாடியிருக்கிறார்கள். காவேரி என்றதும் வகுப்பில் கன்னடப் பிள்ளையும் தமிழ்ப் பிள்ளையும் ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள், அதையும் தெரிந்துகொள்ளுங்கள். வீட்டில் கேட்டதை அப்படியே ஒப்பிப்பார்கள். யார் பக்கம் நியாயம் என்று நான் வகுப்பில் சொன்னதில்லை, சொல்லவும் கூடாது. மேப்பைக் கொடுத்து, தலைக்காவேரியில் நீ இருந்தால், கே.ஆர்.எஸ். அணைக்குக் கீழே மண்டியாவில் கரும்பு போட்டிருந்தால், இந்த ஊரில் மூன்றாவது மாடியில் குடியிருந்தால், நாகப்பட்டினம் கடைமடையில் நாற்று விட்டிருந்தால் என்று நாலு பேராக உட்கார வைப்பேன். கடைமடைக்காரராக எப்போதும் ஒரு கன்னடப் பிள்ளை, மண்டியாவுக்கு ஒரு தமிழ்ப் பிள்ளை. நீங்கள் வீட்டிலேயே இதைச் செய்யலாம்.

இப்போது செய்முறைக்கு வருகிறேன், உங்களுக்கு வேண்டியது இதுதான். விளிம்புள்ள பெரிய ட்ரே ஒன்று எடுங்கள். கட்டட வேலை நடக்கும் இடத்தில் கேட்டு இரண்டு சட்டி மணல். ஆற்று மணல் கிடைக்காது, எம்-சாண்ட்தான் கிடைக்கும், போதும் (அது ஏன் கிடைக்காது என்பதே தனிப் பாடம்). கொஞ்சம் நனைத்து, ட்ரேயின் முக்கால் பாகத்துக்கு இரண்டு விரல் கனம் பரப்பி, கடைசிக் கால் பாகத்தைக் காலியாக விடுங்கள், அதுதான் கடல். மேல் முனைக்கு அடியில் ஒரு புத்தகம் வைத்துச் சாய்க்கவும். அடியில் சின்ன ஓட்டை போட்ட டம்ளரில் தண்ணீர் ஊற்றி மேலே பிடிக்கவும். நூல் மாதிரி ஊற்ற வேண்டும், கொட்டினால் எல்லாம் அடித்துக்கொண்டு போய்விடும். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் தனக்கு ஒரு தடம் வெட்டிக்கொள்ளும். விரலால் ஒரு வளைவு போட்டுக் கொடுத்தால் அந்த வளைவின் வெளிப்பக்கக் கரை சின்னச் சின்னத் துண்டாக இடிந்து விழும், உள்பக்கம் மணல் சேரும். கீழே ‘கடலில்’ இறங்கும் இடத்தில் மணல் விசிறியாக விரியும், தண்ணீர் அதன் மேல் இரண்டாக, மூன்றாகப் பிரிந்து ஓடும். அதுதான் டெல்டா, ‘தஞ்சாவூர் இப்படித்தான் வந்துச்சு’ என்று மட்டும் சொல்லிவிட்டுச் சும்மா இருங்கள்.

பிறகு தண்ணீரை நிறுத்தி, ஐந்தாறு தீப்பெட்டியைக் கையில் கொடுத்து, ‘உன் ஊரை எங்கே கட்டுவாய்?’ என்று கேளுங்கள். முதல் தடவை எல்லாப் பிள்ளைகளும் தண்ணீர் ஓரத்தில் ஒட்டி வைப்பார்கள். மறுபடி ஊற்றுங்கள், இந்தத் தடவை கொஞ்சம் வேகமாக. வளைவின் வெளிப்பக்கம் வைத்தது சாயும், விசிறியில் வைத்தது நனையும். அடுத்த முறை கொஞ்சம் தள்ளி, கொஞ்சம் மேட்டில், ஆனால் தண்ணீர் எட்டும் தூரத்தில் வைப்பார்கள். பழைய ஊர்கள் பலவும் அப்படி இருப்பதை அவர்களே கண்டுபிடித்ததாக ஆகிவிடும். ஒரு தீப்பெட்டியை மட்டும் நீங்கள் எடுத்து ட்ரேயின் தலைமாட்டில், தண்ணீரே வராத மேட்டில் வையுங்கள். ‘இது பெங்களூர். இங்கே எப்படிம்மா தண்ணி கொண்டு வருவ?’ ஸ்ட்ரா கேட்பார்கள், சிரிஞ்ச் கேட்பார்கள், சிலர் மணலில் குழி தோண்டுவார்கள். குழி தோண்டியவர் ஏரி வெட்டியவர், சிரிஞ்ச் கேட்டவர் காவேரித் திட்டம் போட்டவர். எட்டு வயதுக்கு இந்த அளவே ஜாஸ்தி. பன்னிரண்டு வயதில் இதே ட்ரேயில் அணை கட்டி, கீழே இருப்பவருக்கு எப்போது எவ்வளவு விடுவது என்று சண்டை போட வைக்கலாம்.

வெளியே கூட்டிக்கொண்டு போகவும் செய்யுங்கள். மெஜஸ்டிக்கில் ஆரம்பித்துச் சாந்திநகர், கோரமங்களா வழியாகப் பெல்லந்தூர் போகும் ராஜகாலுவையைப் பாலத்தின் மேல் நின்று பார்க்கலாம். இறங்க வேண்டாம், மழை நாளில் பக்கத்திலேயே போக வேண்டாம், தண்ணீர் ஏறுவது கண் இமைக்கும் நேரம். ஓடும் திசையை மட்டும் கவனிக்கச் சொல்லுங்கள். 2022 செப்டம்பரில் அவுட்டர் ரிங் ரோடு பக்கம் ஐ.டி. ஆட்கள் டிராக்டரில் வேலைக்குப் போனதை அவளுக்குக் காட்டலாம். ஆறே இல்லாத ஊரில் வெள்ளம் எப்படி என்று கேட்பாள். ஏரிக்குள்ளும் கால்வாய் ஓரத்திலும் வீடு கட்டியாயிற்று, தண்ணீர் பழைய வழியில்தான் வந்தது. அவள் தீப்பெட்டி சாய்ந்ததும் இதனால்தான்.

ஊருக்குப் போகும்போது இதைத் தொடருங்கள். ஓசூர் அருகே கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்குவதைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். தென்பெண்ணையில் நம் பக்கத்துச் சோப்புத் தண்ணீரும் கழிவும் சேர்ந்து போவதன் விளைவு அது. மேற்குப் பக்கக் கழிவு பைரமங்கலா ஏரி வழியே அர்க்காவதிக்குப் போகிறது. நாம் மேட்டில் இருப்பவர்கள், நம் பாத்ரூம் தண்ணீருக்கும் ஒரு கீழ்மடை உண்டு. ரயிலில் சேலம் தாண்டி ஈரோடு போகிறவர்கள் காவேரிப் பாலத்தில் ஒரு நிமிடம் பிள்ளையை ஜன்னலில் நிற்க வையுங்கள்: இந்தக் கரையில் பள்ளிபாளையம், அந்தக் கரையில் ஈரோடு. நெசவும் சாயப்பட்டறையும் ஏன் இங்கே வந்து சேர்ந்தன என்று கேட்டுப் பாருங்கள், பதிலை அவசரமாகச் சொல்லிவிடாதீர்கள். ஆடிப் பதினெட்டுக்கும் ஒரு புதிர் உண்டு. டெல்டாவுக்குப் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில்தான். ஆற்றில் தண்ணீர் ஆடியிலேயே பெருகுகிறது. மழை பெய்யாத ஊரில் வெள்ளம் எங்கிருந்து வந்தது? குடகில் பெய்த தென்மேற்குப் பருவமழை என்பதைத் தலைக்காவேரியிலிருந்து விரலை ஓட்டினால் அவளே சொல்லிவிடுவாள்.

கடைசியாகத் தெர்மாகோல். வேண்டாம். நீலப் பெயிண்ட் அடித்த ஆற்றில் எதுவும் நகராது, நகராத ஆற்றில் கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை. ட்ரேயைப் பள்ளிக்குத் தூக்கிப்போக முடியாது என்பது தெரியும். மொபைலில் நாலு படம் எடுத்துச் சார்ட்டில் ஒட்டுங்கள்: தண்ணீர் ஊற்றுமுன், தடம் விழுந்தபின், வீடு சாய்ந்தபின், வீட்டை இடம் மாற்றியபின். ஒவ்வொரு படத்துக்குக் கீழும் என்ன நடந்தது என்று அவளே எழுதட்டும், தப்பும் தவறுமாக இருந்தாலும் நீங்கள் திருத்திக் கொடுக்காதீர்கள். டீச்சர் ஏதாவது பண்டைய நாகரிகம் கட்டாயம் வேண்டும் என்றால் ஓரத்தில் நைல் படம் ஒன்று ஒட்டினால் ஆயிற்று. மணல் கலந்த தண்ணீரை மட்டும் சமையலறை சிங்கில் ஊற்றிவிடாதீர்கள், பிளம்பருக்குச் செலவு வைக்கும், செடிக்கு ஊற்றுங்கள்.